சக்கர வீடு கட்டும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் ஒரு தம்பி, பாதி முடிந்த தன் குட்டி வீட்டைக் காட்டக் கூப்பிட்டிருந்தார். ட்ரெய்லர் மேல் மரச்சட்டம் நன்றாகவே நின்றது. பின்சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. "குழாய் வேலை சுலபம்ணா" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் வீட்டில் நானும் அங்கேதான் வைத்தேன், அதே காரணத்துக்காக.

அளந்து வெட்டுவது, மரத்தை நனையாமல் மூடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

எடையை வால்பக்கம் ஏற்றுவது

ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். என் வீடு 2,000 கிலோ, கொக்கியில் 220. சரி, 11 சதவீதம் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். ஆனால் அளந்தபோது தொட்டி காலி!

200 லிட்டர் நிரப்பினால் 200 கிலோ. தொட்டி சக்கர அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால், கொக்கி மூன்று மீட்டர் முன்னால். சீசா பலகைக் கணக்குதான்: பின்னால் ஏறிய 200 கிலோ, கொக்கியிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 120. மொத்த எடையோ இப்போது 2,200. ஐந்தரை சதவீதம்கூட இல்லை.

ஒரு இறக்கத்தில் லாரி முந்திப் போன காற்றுக்கு வீடு வாலாட்ட ஆரம்பித்தது. கண்ணாடியில் முதலில் இடது சுவர் தெரிந்தது, அப்புறம் வலது சுவர். அந்த நேரம் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அழுத்தி மிதித்தால் ஆட்டம் கூடும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் போடலாம்.

தப்பித்தேன். ஆனால் தொட்டியை நகர்த்த சமையல் மேடை, சிங்க், உள்சுவர்ப் பலகை எல்லாவற்றையும் பிரித்தேன். மூன்று மாதம் போனது. பென்சிலோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

தொட்டி அச்சுக்கு மேலே, அல்லது சற்று முன்னே. பேட்டரி, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எங்கே என்பதையும் சுவர் எழுப்பும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எடை மேடையில் ஏற்றுங்கள். தொட்டி நிரம்பியும் ஒரு முறை, காலியாகவும் ஒரு முறை.

தாங்குதிறனைத் தப்பாகப் படிப்பது

ட்ரெய்லரின் தகட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச மொத்த எடையில் அதன் சொந்த எடையும் அடக்கம். 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்றே 30 கிலோவை ஒட்டி வரும். எத்தனை ஷீட் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆணியை மட்டும் நம்புவது

ஓடுகிற வீடு ஆணியைக் கக்கிவிடும். ஸ்க்ரூ, கூடவே பசை.

காற்றுப் போக்கியை மறப்பது

இரண்டு பேர் மூச்சும் சோறு கொதிக்கும் ஆவியும் அந்தச் சின்ன அறையில் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில் வேர்க்கும். ஒரு நாள் மெத்தையைத் தூக்கினேன். அடியில் பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. இப்போது மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட சட்டங்கள், அடுப்புக்கு மேல் வெளியே தள்ளும் ஃபேன்.

ஜன்னல்

வாங்கிய பிறகு ஓட்டை போடுங்கள்.