இன்று பாறை ஏறலாமா? வானத்தை விடக் கல்லைப் பாருங்கள்

வானிலைச் செயலியில் சூரியன் படம் தெரிந்ததுமே சிலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் அந்தப் படத்தைச் சட்டைசெய்வதே இல்லை. முந்தைய நாள்களில் மழை பெய்ததா, காற்று வீசுமா, பனிப்புள்ளி எத்தனை டிகிரி என்றுதான் பார்ப்பேன்.

காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி. பாறை அதைவிடக் குளிர்ந்திருந்தால், ஒரு சொட்டு மழை இல்லாமலே வியர்க்கும். தொடர்ந்து குளிரடித்துவிட்டுத் திடீரென வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும் நாள்களில் இது அடிக்கடி நடக்கும். காற்று சூடாகியிருக்கும், கல்லுக்குள் பழைய குளிர் அப்படியே தங்கியிருக்கும். வெயில் படாத பக்கத்துப் பிடியை ஒருமுறை அழுத்திவிட்டு விரல்நுனியைப் பாருங்கள். வழுக்காமலிருக்க விரலில் பூசிய சாக் பொடி பசையாகத் திரண்டிருந்தால் மேலும் பூசிப் பயனில்லை. வெயிலோ காற்றோ படும் பாறைக்குப் போய்விடுங்கள்.

கிரானைட் அதிகம் சோதிக்காது. மழை விட்டு நல்ல வெயிலும் காற்றும் கிடைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். மணற்கல் அப்படியல்ல. மணல்துகள்களைப் பிணைத்திருக்கும் பொருள் ஈரத்தில் வலுவிழக்கும். மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே நீர் நிற்கும். பாறையடி மண்ணை நான்கு விரற்கடை தோண்டுங்கள். ஈரமண் கையில் ஒட்டினால் அன்று ஏறக்கூடாது. 24 முதல் 72 மணி நேரம் பொறுப்பது வழக்கம். நிழலான இடத்தில் அதுவும் போதாமல் போகலாம். அவசரக்காரர் ஒருவர் பிடியை உடைத்தால், பின்னால் வரும் எல்லோருக்கும் அந்த ஏற்றம் கெட்டது. ஈரப் பிடியைத் தீச்சுடரால் காயவைப்பவர்களும் உண்டு. சூட்டில் கல்லே செதில் செதிலாகப் பெயரும். துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

செதில் போன்ற பிடிகளை விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றுப்பானை போல ஒலித்தால் அதில் தொங்க வேண்டாம்.

வெளியே துருத்திய பாறையில் இன்னொரு சூது உண்டு: கீழ்ப்பகுதி மழையில் நனையாது, உச்சியிலோ பாசி ஊறிக்கிடக்கும். வழுக்குவது கடைசி அசைவில், அதிக உயரத்தில். பின்பக்கமாக நடந்து மேலே போக வழியிருந்தால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

கோடையில் மாலையை விட விடியற்காலையே எனக்குப் பிடிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் பகல் முழுக்க வெயில் குடித்த கல் புறங்கையில் சுடும். விரல்கள் வியர்த்துப் பிடி நழுவும்.

இடி கேட்டால் உடனே இறங்கி, கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை திரும்ப வேண்டாம்.