கடைசி விநாடி விசில்: சார்ஜா, பிளாக்கா என்று கண்டறிவது எப்படி?

ஒரு கூடைப்பந்துப் போட்டியின் கடைசிப் பகுதியான நான்காவது குவார்ட்டரில் எட்டு விநாடிகள் மீதமிருக்கும்போது ஈரோட்டுக் கல்லூரி அணி 68–67 என முன்னிலையில் இருப்பதாகவும், கூடையை நோக்கிப் பாய்ந்த கோவைக் கல்லூரி வீரர் எதிரணித் தடுப்பாட்டக்காரர் மேல் மோதி இருவரும் விழுவதாகவும் வைத்துக்கொள்வோம். விசில் ஒலித்ததும் கேலரியின் ஒரு பக்கம் ‘சார்ஜ்’ (பாய்ந்து மோதியவரின் தவறு) என்றும் மறுபக்கம் ‘பிளாக்’ (தடுத்தவரின் தவறு) என்றும் குரல் எழும். யாராவது கைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் (FIBA) விதிகளைக் கொண்டு புதியவர்களும் நியாயம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம்.

முதலில், பந்தையும் விழுந்த விதத்தையும் மறந்துவிட்டுத் தடுப்பாட்டக்காரரை மட்டும் பாருங்கள். பலமாக விழுந்தவர் பக்கமே நியாயம் இருக்கும் என்று எண்ணுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

அடுத்தது மிக முக்கியமான படி. பாய்பவரின் கடைசிக் கால் தரையை விட்டு எழும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். அதற்கு முன்பே தடுப்பாட்டக்காரர் எதிராளியைப் பார்த்தபடி இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, அவருடைய பாதையில் இடம் பிடித்துவிட்டாரா? பிடித்திருந்தால் அந்த இடம் அவருக்கு உரியது. எதிராளி காற்றில் எழுந்த பிறகு குறுக்கே நுழைந்திருந்தால், அது பிளாக். ‘அவர் அசைந்தார், எனவே பிளாக்தான்’ என்று பயிற்சியாளர்கள்கூடச் சொல்வதுண்டு, அது சரியன்று. முறைப்படி இடம் பிடித்தவர், அதைக் காத்துக்கொள்ளப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம், நின்ற இடத்திலேயே செங்குத்தாகக் குதிக்கவும் செய்யலாம்.

பிறகு, உடம்பின் எந்தப் பகுதி மோதியது என்று கவனியுங்கள். இடம் பிடித்து நின்றவரின் நெஞ்சில் எதிராளியின் தோள் வந்து இடித்தால் அது சார்ஜ். தடுப்பாட்டக்காரர் நீட்டிய முழங்காலோ இடுப்போ முதலில் பட்டிருந்தால் பிளாக்.

கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தையும் பாருங்கள். தடுப்பாட்டக்காரரின் ஷூ நுனி அந்தக் கோட்டைத் தொட்டிருந்தாலும், பந்துடன் காற்றில் வந்து மோதியவர் மீது சார்ஜ் கொடுக்கக் கூடாது. மோதியவர் கை கால்களை முறைகேடாகப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே அது ஃபவுல் ஆகும். நடுவர் நிற்கும் கோணத்திலிருந்து இந்தக் கோடு பலமுறை மறைந்துவிடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கடைசி நிமிடத்தில் நடுவர் விசிலை அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. முதல் குவார்ட்டரில் ஃபவுலாக இருந்த மோதல் எட்டு விநாடி மீதமிருக்கும்போதும் ஃபவுல்தான். சார்ஜ் என்றால் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு) இல்லாமல் பந்து ஈரோட்டு அணிக்குப் போகும். பிளாக் என்றால், பந்து கூடைக்குள் விழுந்திருக்கும் பட்சத்தில் அந்தப் புள்ளிகளுடன் கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். விழாவிட்டால் இரண்டு கிடைக்கும்.

வீடியோ உங்கள் பக்கமே பேசினாலும், ஃபவுலா இல்லையா என்ற நடுவரின் கணிப்பை எதிர்த்து முறையீடு செய்ய ஃபீபா விதியில் இடமில்லை. ஸ்கோர் பதிவிலோ கடிகாரத்திலோ நேர்ந்து, திருத்தப்படாமல் விடப்பட்ட பிழை போன்றவற்றுக்கே கேப்டன் முறையிட முடியும்.