சளிக்கு நீலகிரித் தைலம்: அளவும் முறையும்

ஊட்டிக் கடைகளில் விற்கும் நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடித்தது. அதிலுள்ள சினியோல் என்ற வேதிப்பொருள் மூக்கடைப்பு விட்டதுபோன்ற ஆறுதலைத் தரும். சளிக் கிருமியை அது கொல்வதில்லை.

ஆவி பிடிக்க, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அசையாத மேசைமேல் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு 2 சொட்டு போதும். தைலம் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து சட்டென ஆவியாகும். அதனால் கூடுதலாக விட்டால் கண்ணும் மூக்கும்தான் எரியும். கண்களை மூடி, முகத்தை ஒரு முழம் தள்ளியே வைத்து, 5 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ஆவி பிடிப்பதில் பெரிய ஆபத்தே பாத்திரம் கவிழ்ந்து வெந்நீர் கொட்டுவதுதான். குழந்தைகளுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

நெஞ்சில் தடவ, ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெயில் 2 சொட்டு. அப்படியே தடவினால் தோல் சிவந்து எரியும். எரிந்தால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீர் தைலத்தை எடுக்காது.

பச்சிளம் குழந்தையின் மூக்கருகே இதைக் கொண்டுபோகாதீர்கள், மூச்சுத் திணறலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இழுப்பைத் தூண்டக்கூடும். ஒரு டீஸ்பூன் விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்: வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு.