சுழற்சி இயக்கம் படிக்க ஒரு பலகை, ஒரு கோலிக்குண்டு

பிளஸ் ஒன் இயற்பியலில் சுழற்சி இயக்கம் வந்ததும் பெரும்பாலானோர் ஓர் அட்டவணை போட்டுக்கொள்வார்கள். நேர்கோட்டு இயக்கத்தில் வரும் நிறைக்குப் பதில் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு), விசைக்குப் பதில் திருப்பு விசை (சுழற்றும் விளைவு), உந்தத்துக்குப் பதில் கோண உந்தம். அட்டவணை தப்பில்லை, தேர்வுக்கு உதவும். ஆனால் நிலைமத் திருப்புத்திறன் என்னதான் செய்கிறது என்று கண்ணால் பார்க்காதவரை அது வெறும் மனப்பாடம்தான். பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

படி 1: சாமான்கள்

ஒன்றே கால் மீட்டர் நீளத்தில் வளையாத பலகை ஒன்று. அதில் சரியாக 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு பென்சில் கோடுகள் போடுங்கள். மேல்கோடு கீழ்க்கோட்டைவிட 10 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி ஒரு முனைக்குக் கீழே புத்தகங்களை அடுக்குங்கள். உருட்டுவதற்குக் கோலிக்குண்டு, பெரிய சைஸ் டார்ச் பேட்டரி, செல்லோடேப் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டை வளையம்.

படி 2: முதலில் ஊகம், பிறகு ஓட்டம்

எது முதலில் வரும் என்று எழுதி வையுங்கள். எழுதாமல் உருட்டினால், பார்த்த பிறகு 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மனசு சொல்லிவிடும். கனமான பேட்டரிதான் ஜெயிக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றையும் மேல்கோட்டில் ஒரு ஸ்கேலால் மறித்து நிறுத்தி, ஸ்கேலைச் சட்டென்று முன்பக்கமாக எடுங்கள். கையால் விட்டால் ஏதாவது ஒன்றுக்குக் கூடுதல் தள்ளல் கிடைத்துவிடும். கைபேசியில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால் இன்னும் நல்லது.

கோலி முதல், பேட்டரி இரண்டாவது, வளையம் கடைசி. பெரிய கோலி, சின்னக் கோலி, இரும்புக் குண்டு என்று மாற்றிப் பாருங்கள். வரிசை மாறாது.

படி 3: ஏன்?

மேலே இருந்த நிலை ஆற்றல் கீழே வரும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு முன்னே நகர, ஒரு பங்கு சுழல. ஈர்ப்பு விசை பொருளின் மையத்தில் செயல்படுவதால் அதனால் பொருளைச் சுழற்ற முடியாது. சுழற்றுவது, பலகை தொடும் இடத்தில் உள்ள உராய்வு. திருப்பு விசையை அதுதான் தருகிறது.

வளையத்தில் நிறை முழுவதும் ஓரத்தில் இருக்கிறது. ஓரம்தான் வேகமாகச் சுற்றும் இடம், ஆகவே சுழற்சிக்கு அதிக ஆற்றல் போகிறது. கோலியில் கணிசமான நிறை அச்சுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

படி 4: கணக்கு

நிலைமத் திருப்புத்திறன் = வடிவ எண் × நிறை × ஆரத்தின் வர்க்கம். 'வடிவ எண்' நான் வசதிக்காக வைத்த பெயர், பாடநூலில் தேடாதீர்கள். மெல்லிய வளையத்துக்கு அது 1, திண்ம உருளைக்கு 0.5, திண்மக் கோளத்துக்கு 0.4. ஆற்றல் சமன்பாட்டில் இதைப் போட்டால் நிறையும் ஆரமும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், மிஞ்சுவது இதுதான்:

முடுக்கம் = 9.8 × சாய்வு ÷ (1 + வடிவ எண்)

நம் பலகையில் சாய்வு 10/100, அதாவது 0.1. கோலியின் முடுக்கம் 0.70 மீ/நொடி², பேட்டரிக்கு 0.65, வளையத்துக்கு 0.49. நேரம் முறையே 1.69, 1.75, 2.02 நொடி. கோலிக்கும் பேட்டரிக்கும் 0.06 நொடிதானே, எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நேரத்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். கோலி கீழ்க்கோட்டைத் தொடும்போது பேட்டரி சுமார் 7 செ.மீ. பின்னாலும், வளையம் 30 செ.மீ. பின்னாலும் இருக்க வேண்டும். வீடியோவை அந்தக் கணத்தில் நிறுத்தி அளந்துவிடலாம். பேட்டரிக்கு உள்ளே எல்லா இடமும் ஒரே அடர்த்தி இல்லை, அட்டைக்கும் கொஞ்சம் தடிமன் உண்டு. அதனால் சற்று முன்பின் வந்தால் கவலை வேண்டாம்.

உராய்வே இல்லாமல் சறுக்கினால் முடுக்கம் 0.98 வந்திருக்கும். கலிலியோவும் சாய்தளத்தில் குண்டுகளை உருட்டித்தான் முடுக்கத்தைப் படித்தார். ஆனால் சுழற்சி எடுத்துக்கொள்ளும் பங்கைக் கணக்கிட நிலைமத் திருப்புத்திறன் வேண்டும். கணிதவியலாளர் ஆய்லர் அதை 1765-ல் வெளியிட்ட நூலில்தான் முறையாக வகுத்தார்.

படி 5: தண்ணீரும் மணலும்

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரே மாதிரி இரண்டு உருளை பாட்டில்கள் எடுத்து, ஒன்றில் தண்ணீர், மற்றதில் காய்ந்த மணல் நிரப்புங்கள். மணலைத் தட்டித் தட்டி, அசையாதபடி இறுக்கமாக அடையுங்கள். தண்ணீரில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. மணல் பாட்டில் கனம் அதிகம், ஆனாலும் தண்ணீர் பாட்டில்தான் ஜெயிக்கும். மணல் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு மொத்தமாகச் சுழல்கிறது. தண்ணீரோ, பாட்டிலின் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கைத் தவிர, சுழலாமல் நகர மட்டும் செய்கிறது. இந்தத் தண்ணீர் பாட்டிலைக் கோலியோடு ஓட விட்டால் எது முந்தும் என்று வடிவ எண்ணை வைத்து ஊகித்து எழுதிவிட்டு, ஸ்கேலை எடுங்கள்.