பந்தியின் ஓரத்தில் கேள்வி எழுதவிடுங்கள்: கூகுள் டொக்ஸில் ஒரு வாசிப்புப் பாடம்

ஆங்கிலப் பந்தி ஒன்றை வாசித்துக் காட்டி "விளங்குதா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். யார் எந்த வரியில் தடுக்கினார்கள் என்று தெரியாது. அதே பந்தியைக் கூகுள் டொக்ஸில் (பலர் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய இணைய ஆவணம்) போட்டு, தடுக்கிய இடத்திலேயே குறிப்பு எழுதச் சொன்னால் தெரிந்துவிடும், ஒரு பிள்ளை கேட்டதற்கு இன்னொரு பிள்ளை பதிலும் எழுதும். ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கம் இரண்டாம் மொழி படிப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி அறை இல்லையா, போன் போதும்.

முதலில் பந்தி. 200 சொல்லுக்கு மேல் வேண்டாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், அப்புறம் கோப்பியை இலை நோய் அழித்ததையும் எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதலாம். கொழுந்தும் ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலை) தெரிந்த பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். தமிழ்ப் பந்தி என்றால் கவனம்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்து ஷெயார். லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்று வைத்து, பக்கத்தில் 'கொமென்டர்' (குறிப்பு எழுதலாம், பந்தியை மாற்ற முடியாது) என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'எடிட்டர்' கொடுத்தால் யாராவது தவறுதலாகப் பந்தியையே அழித்துவிடுவார்கள். லிங்க்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிள்ளைகளின் போனில் டொக்ஸ் செயலியும் கூகுள் கணக்கும் இருக்க வேண்டும். சொல்லை அழுத்திப் பிடித்தால் குறிப்புச் சேர்க்கும் வசதி வரும். பெரும்பாலும் போன் அம்மாவுடையது, குறிப்பும் அம்மா பெயரில்தான் விழும், அதனால் ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் பிள்ளையின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். லிங்க் கைமாறக்கூடும், முழுப் பெயர் வேண்டாம். சிக்னல் இல்லாத லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பிள்ளை இன்னொருவரோடு சேர்ந்து ஒரே போனில் எழுதட்டும்.

இனித்தான் முக்கியமான வேலை. "ஏதாவது எழுதுங்கள்" என்று விட்டால் 'நைஸ்', 'சூப்பர்' தவிர ஒன்றும் வராது. வேலையைச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள்: ஆளுக்கு ஒரு கேள்வி, மற்றவர்களின் கேள்விகளில் இரண்டுக்குப் பதில், அந்தப் பதில் பந்தியில் எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பு. முதல் கேள்வியை நீங்களே எழுதிக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, டெய்லர் பயிரிட்டார் என்ற வரியில், "19 ஏக்கரையும் தனியாளாகவா நட்டார்?" என்று கேட்டுப் பாருங்கள், பந்தியில் இருப்பது எது, இல்லாதது எது என்று தேடுவதற்காகவே பிள்ளைகள் திரும்ப வாசிப்பார்கள். குறிப்பைத் தமிழில் எழுதினாலும் விடுங்கள், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால் பாதிப்பேர் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கும் இதே முறைதான்.

பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லிவிட்டால் பிள்ளைகளின் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த பாடவேளையில், அதிகம் பேர் குறிப்பு எழுதிய இரண்டு வரிகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். அதுவரை குறிப்பை முடித்துவைக்கும் 'ரிசோல்வ்' பொத்தானை அழுத்த வேண்டாம், குறிப்பு பக்கத்திலிருந்து மறைந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஷெயாருக்குப் போய் 'வியூவர்' (வாசிக்க மட்டும்) என்று மாற்றிவிடுங்கள், பாடம் முடிந்த பிறகு யாரும் வந்து கிறுக்க முடியாது.