பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்கவில்லையா? சோதிப்பதும் மாற்றுவதும்

சார்ஜரைப் பிடுங்கியதும் அணைந்துபோகிறது என்பதற்காக நல்ல லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் போனது பேட்டரி மட்டும்தான். 2012-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி430-ஐ வைத்துச் சொல்கிறேன். வெளியிலிருந்தே பேட்டரியைக் கழற்ற முடிகிற மற்ற லேப்டாப்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள் (கழற்றும் முறை கீழே இருக்கிறது). உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ மறுபடி சார்ஜ் போடவே கூடாது. நேராகப் புதியது வாங்குங்கள்.

உப்பவில்லையா? சரி, சார்ஜரும் பேட்டரியும் இல்லாத நிலையில் பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியின் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, திரும்ப மாட்டி சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஏறாமல் அடம்பிடிக்கும் சில பேட்டரிகள் இதிலேயே வழிக்கு வந்துவிடும். முடிந்தால் வேறு சார்ஜரிலும் போட்டுப் பாருங்கள்.

40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைகிறதா? அளவு காட்டும் கணக்கு தப்பியிருக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தானாக அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி நிறுத்தாமல் முழுதாக ஏற்றுங்கள். இதனால் கணக்குதான் சரியாகும், இழந்த திறன் திரும்பாது.

திறன் எவ்வளவு மிச்சம் என்பதை விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் சொல்லும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த திறன்) 56,000 என்றும், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழுதாக ஏற்றினால் கிடைக்கும் திறன்) 14,000 என்றும் இருந்தால், மிஞ்சியது கால்வாசி. அந்த நிலைக்கு வந்ததை மாற்றுவதுதான் நல்லது.

ஃப்ரீசரில் வைப்பது, பேட்டரியை உடைத்து உள்ளே நேரடியாக மின்சாரம் கொடுப்பது போன்ற வித்தைகளைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல் சார்ஜ் மிகவும் இறங்கிக் கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைகிறது. அதற்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

புதியது வாங்கும்போது பழைய பேட்டரியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பார்ட் நம்பரும் வோல்டேஜும் முக்கியம். 10.8 வோல்ட், 11.1 வோல்ட் இரண்டும் ஒன்றுதான்: மூன்று செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தது, செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட். 14.4 வோல்ட் என்றால் நான்கு செல்கள் அப்படி இணைந்தது, அது வேறு. வாட்-ஹவர் (பேட்டரி சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு) கூடுதலாக இருந்தால் நல்லதே. டி430-க்கு 57 வாட்-ஹவரிலும் உண்டு, பின்பக்கம் துருத்தி நிற்கும் 94 வாட்-ஹவரிலும் உண்டு. இந்த மாடல் தனக்கு ஒவ்வாத டூப்ளிகேட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுத்துவிடும். அதனால் திருப்பித் தர வழியுள்ள கடையில் வாங்குங்கள். தயாரித்த தேதியையும் கேளுங்கள். சும்மா கிடந்தாலும் செல்லுக்கு வயதாகும்.

மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஸ்லீப்பில் போடாமல் முழுதாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஒரு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, ஸ்பிரிங் உள்ள மற்றொன்றை விரலால் இழுத்துப் பிடித்தபடி பேட்டரியை வெளியே தள்ளுங்கள். புதியதை 'க்ளிக்' என்று கேட்கும்வரை செருகி, தாழ்ப்பாளைப் பூட்டுங்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் லெனோவோவின் மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

அப்புறம், பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.