ஈ.கோலை பாக்டீரியாவில் புரதக் கூட்டமைப்புகளைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்பது எப்படி?

ஒரு புரதத்தைச் செல்லிலிருந்து பிடித்து இழுத்தால், அதனோடு பிணைந்திருக்கும் மற்றப் புரதங்களும் கூடவே வரும். அவை எவை என்பதை, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லும். ஆனால் கூட வந்தவையெல்லாம் கூட்டாளிகள் ஆகிவிடா என்பதை முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்துச் சோதனையை அமைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள், டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா பிரைம், ஒரு ஒமேகா என அதன் உறுப்புகள் முன்பே தெரிந்தவை என்பதால், எங்கே பிசகினாலும் உடனே புலப்படும். பீட்டா பிரைமின் மரபணு முடியும் இடத்தில், லாம்டா ரெட் முறையில் (லாம்டா வைரஸின் புரதங்களைக் கொண்டு டி.என்.ஏ.வைச் செருகும் முறை), குரோமோசோமிலேயே எஸ்.பி.ஏ. டேக்கை இணையுங்கள். இது புரதத்தைப் பிடித்து இழுப்பதற்கான சிறு வால்: கால்மோடுலினோடு ஒட்டும் பகுதியும் ஃபிளாக் பகுதியும், இடையே டெவ் புரோட்டியேஸ் வெட்டும் இடமும் இதில் உண்டு. பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ. வளையம்) வழியாக அளவுக்கு மீறி உற்பத்தியாகும் புரதம் தொடர்பில்லாதவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். இம்மரபணு இன்றி ஈ.கோலை உயிர் வாழாது. ஆகவே டேக் சேர்ந்த காலனி செழித்து வளர்வதே, டேக் புரதத்தின் வேலையைக் கெடுக்கவில்லை என்பதற்கு நல்ல சான்று.

செல்களைப் பனிக்கட்டியில் வைத்துச் சிறு சிறு இடைவெளிகளில் சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலியலைகளால் உடையுங்கள். நுரை எழுந்தால் புரதம் சிதையும். டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் சிதைக்கும் நொதியான பென்சோனேஸ் சேர்ப்பதை விட்டுவிடாதீர்கள். இல்லையேல் ஒரே டி.என்.ஏ. இழையைப் பற்றியிருக்கும் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதாகத் தோன்றும். தெளிந்த கரைசலை ஃபிளாக் எதிர்ப்பொருள் ஏற்றிய மணிகளோடு 4 டிகிரியில் கலந்து, கழுவி, டெவ் புரோட்டியேஸ் என்னும் நொதியால் வெட்டி விடுவியுங்கள். அடுத்து, கால்சியம் உள்ள கரைசலில் கால்மோடுலின் மணிகளில் பிடித்து, இ.ஜி.டி.ஏ.வால் கால்சியத்தைக் கவர்ந்து இறக்குங்கள்.

சில்வர் சாயமிட்ட ஜெல்லில் 150 கிலோ டால்டன் அருகே பீட்டா, பீட்டா பிரைம் ஆகிய இரண்டின் பட்டைகள் நெருங்கி நிற்கும். பாலிமரேஸோடு சேர்ந்து, மரபணு தொடங்கும் இடத்தை அடையாளம் காண உதவும் 70 கிலோ டால்டன் எடையுள்ள சிக்மா 70 புரதம், ஏறத்தாழ 90-இல் தெரியும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

பிறகு புரதங்களை டிரிப்சின் நொதியால் செரித்து, கிடைக்கும் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புங்கள். டேக் இல்லாத மூலத் திரிபையும் இதே நாளில், இதே கரைசல்களில், தொடக்கம் முதல் இறுதிவரை கொண்டுசெல்வது கட்டாயம். செல்லில் மிகுதியாக உள்ள இ.எஃப்.-டியு, குரோஇஎல், ரைபோசோம் புரதங்கள் ஆகியவை பெரும்பாலும் அதிலும் வரும். இரண்டிலும் ஒரே அளவில் வருபவற்றைத் தயங்காமல் நீக்கலாம். பெப்டைடுகள் குறைவு என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்கிவிடக் கூடாது: பீட்டா பிரைமில் 1,407 அமினோ அமிலங்கள், ஒமேகாவில் வெறும் 91. எஞ்சும் புதுப் பெயர் ஒவ்வொன்றுக்கும் டேக் இட்டு மறுதிசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். பாலிமரேஸ் திரும்பி வந்தால் மட்டுமே அதைக் கூட்டாளி என்று எழுதுங்கள்.